கறுப்பு வண்டியின் இடது பக்கம்

மார்ச் 6, திங்கள்

கறுப்பு கார் வாங்குகிறவர்களை எல்லாம் ஒரே ஒரு நாள் என் கடையில் கையில் விளக்கைக் கொடுத்து நிற்க வைக்க வேண்டும். வெள்ளைக் காரில் பத்துக் கீறல் இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கறுப்பில் அழுக்குத் துணியால் ஒரு தடவை துடைத்தாலே போதும், வெயிலில் சிலந்தி வலை மாதிரி விரிந்து நிற்கும். அந்த வலையை எடுக்கத்தான் நானும் என் வீட்டுக்காரர் ஆசீரும் தூத்துக்குடியில் இந்த பாலிஷ் கடையை வைத்து ஒன்பது வருடமாக ஓட்டுகிறோம். கழுவுவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அவர் வேலை. பெயிண்டில் கை வைப்பது நான் மட்டும்.

இன்று காலையிலேயே சண்டை. எட்டரைக்கு நான் கடைக்குப் போனால் துரைசிங் அண்ணாச்சியின் கறுப்பு கார் உள்ளே நிற்கிறது, கழுவி முடித்து, சொட்டச் சொட்ட. ஆசீர் ஒரு நாளும் ஒன்பது மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்கினவர் இல்லை. இன்று நான் எழுந்திருக்கும் முன்பே வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். அதுவும் எந்தத் துணியால் கழுவியிருக்கிறார்? டயர் துடைக்கிற துணி! வண்டி முழுக்கச் சுழி சுழியாகக் கோடு.

"என்னங்க செஞ்சு வச்சிருக்கிய? இத எடுக்க எனக்கு ரெண்டு நாளு ஆகும்."

"அண்ணாச்சி அவசரம்னாவ, எப்சி. வியாழக்கிழமை வேணுமாம்."

துரைசிங் அண்ணாச்சிக்கு மீன் பதப்படுத்தும் கம்பெனி இருக்கிறது. எங்கள் கடை நிற்கிற இடமும் அவருடையது. அதனால் அவருடைய வண்டி வந்தால் மற்ற வண்டிகள் தெருவில் காத்திருக்க வேண்டும்.

இடது பக்க முன் மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்கள். அவற்றின்மேல் நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. கம்பெனி கேட்டில் உரசிவிட்டதாம். இடது ஹெட்லைட் புதிது, அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. எந்த வண்டி வந்தாலும் செய்வதுபோல வேலைக்கு முன் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 7, செவ்வாய்

நாள் முழுக்க மட்கார்டு. முதலில் கிளே. பரோட்டா மாவு மாதிரி இருக்கும் பசைக்கட்டி அது. சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மேலே ஒட்டியதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். நீலம் பொடிப்பொடியாக வந்தது. உள்ளே இறங்கிய கீறல்களுக்கு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஆசீர் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். கொஞ்சம் அதிகமானால் மேல்பூச்சு கிழிந்து அடிப்பூச்சு பல்லைக் காட்டும். பிறகு மெஷினில் காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை, இரண்டு சுற்று.

அண்ணாச்சி மூன்று தடவை போன் செய்துவிட்டார். மூன்று தடவையும் ஆசீரிடம்தான். வேலை செய்கிறவள் நான், ஆனால் என்னிடம் பேசினால் வாய் தேய்ந்துவிடும். மூன்றாவது தடவை நான் போனைப் பிடுங்கினேன்.

"அண்ணாச்சி, வண்டி பூரா சுழி விழுந்திருக்கு. எல்லாம் எடுக்கணும்."

"அதெல்லாம் கெடக்கட்டும்மா. இடது பக்கம் மட்டும் ஒன்னும் தெரியக் கூடாது. மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல."

இரண்டு வருடத்துக்கு முன் கதவில் காக்கா எச்சம் விழுந்த தடம் போகவில்லை என்று என்னைத் தெருவே கேட்கக் கத்திய மனிதர் இவர்.

மார்ச் 8, புதன்

மகளிர் தினமாம். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து கூப்பிட்டு, 'ஆண்கள் துறையில் சாதிக்கும் பெண்' என்று பொன்னாடை போர்த்த வேண்டும், பத்து நிமிடம் வந்து போங்கள் என்றார்கள். கையெல்லாம் காம்பவுண்டு. வர முடியாது என்றேன். ஆணவம் என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

அண்ணாச்சி பரவாயில்லை என்றாலும் மனசு கேட்காமல், வண்டி முழுக்கப் பாலிஷ் போட்டுச் சுழிகளை எடுத்தேன். மாலை நாலு மணிக்கு வாக்ஸ் போட்டேன். மெல்லிசாக, விரல் நுனி அளவு எடுத்து, காய விட்டு, புதுத் துணியால் எடுத்தேன். மட்கார்டுக்கு முன் குந்தி உட்கார்ந்து விளக்கை எல்லாக் கோணத்திலும் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் மூக்குத்தி தெரிந்தது. எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் எழுத்துகூடத் தெரிந்தது.

இந்த மாவட்டத்தில் வேறு எவனாலும் இதைச் செய்ய முடியாது. எழுதிவைக்கிறேன், யாரும் சொல்லப்போவதில்லை என்பதால்.

மார்ச் 9, வியாழன்

அண்ணாச்சி வண்டியை எடுக்க வந்தார். குனிந்து, மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எப்சிபா, யாரு பாத்தாலும் ஒன்னும் தெரியாதுல்லா?"

"விளக்கு அடிச்சுப் பாத்தாலும் தெரியாது, அண்ணாச்சி."

"கைகாரிம்மா நீ." இனிமேல் கம்பெனி வண்டிகள் எல்லாம் எங்களிடம்தான் வருமாம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆசீர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய வாளியைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 11, சனி

ஆசீர் இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 13, திங்கள்

கடைக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருக்கும் கோமதியக்கா ஒரு வாரமாக வரவில்லை. இன்று வந்தாள், முகம் வீங்கி.

அவளுடைய தம்பி பெண்சாதி சண்முகக்கனிக்கு உப்பளத்தில் வேலை. போன திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் சைக்கிளில் வேலைக்குப் போனவளை ஒரு கார் பின்னாலிருந்து அடித்துவிட்டுப் போய்விட்டதாம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"எந்தப் பாவின்னு தெரியல, எப்சி. கறுப்பா பெருசா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுதா. பள்ளிக்கூடத்துல மவளுக்குக் குடுத்த நீல சைக்கிளு. அப்பளமா நொறுங்கிக் கெடக்கு."

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஊரில் எத்தனையோ கறுப்பு கார் இருக்கிறது. நீல சைக்கிளுக்கும் கணக்கில்லை. வெயில் வேறு இன்று மோசம். தலைவலி என்று மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

கிளே வாங்கப் போகிறேன் என்று ஆசீரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் அண்ணாச்சியின் கம்பெனிக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு முன் நின்று பார்த்தேன்.

மஞ்சள். மேலிருந்து கீழ் வரை மஞ்சள். காய்ந்து செதில் உதிர்கிற பழைய மஞ்சள். நீலம் ஒரு பொட்டுகூட இல்லை.

மார்ச் 15, புதன்

கேட்டுவிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன்.

"அந்த வண்டிய யாரு கொண்டுவந்து விட்டது?"

ஆசீர் வாளியை எடுத்து மூலையில் வைத்தார்.

"கேட்டு மஞ்சளா இருக்கு. நான் போயிப் பாத்தாச்சு. சொல்லுங்க."

ஆசீர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணாச்சியேதான் ஓட்டிட்டு வந்தாரு. ஆறு மணிக்கு போன் பண்ணிக் கடையத் தொறக்கச் சொன்னாரு. லைட்ட இங்க வச்சே ஆள விட்டு மாத்துனாரு."

"கழுவும்போது என்ன பாத்திய?"

"எப்சி, விடு."

"என்ன பாத்திய?"

"சக்கர இடுக்குல துணி சிக்கியிருந்துச்சு. சேலைத் துணி. ரோஸ் கலரு."

"அத என்ன செஞ்சிய?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன்."

எதை எடுத்து எறிந்தேன் என்று ஞாபகமில்லை. சுவரில் காம்பவுண்டு தெறித்து வழிந்தது. எதிரே கோமதியக்கா இருந்திருந்தால் நான் கத்தினது கேட்டிருக்கும்; அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். அவள் திரும்பி வந்த மூன்று நாளும் அவளுக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே என்று.

அதற்கு என்ன பதில் தெரியுமா? "எடத்த விட்டுப் போன்னு சொல்லிட்டாவன்னா நாம எங்க போவோம்? நம்ம தொழிலே தொடைக்கிறதுதான, எப்சி?"

நம்ம தொழில்! எட்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தேனே, அப்போது பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துக் கொடுத்தாரே, அப்போதும் தெரியும். தெரிந்துகொண்டே தெளித்தார். என் கையை வைத்து என்னையே துடைக்க வைத்தார்.

இனிமேல் இந்த நோட்டில் 'அவர்' கிடையாது. அவன். அவன் துணிமணியைப் பையில் போட்டுக் கொடுத்து அவனுடைய அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, வியாழன்

கடை திறக்கவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே திரும்பத் துவைத்தேன்.

மார்ச் 17, வெள்ளி

போனில் படங்களைத் தேடினேன். ஆறாம் தேதி எடுத்தது ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் தேதி வண்டி இருக்கிறது, பத்தாம் தேதி வண்டி இருக்கிறது. இடையில் வழித்து எடுத்தது போலச் சுத்தம். என் போனைத் திறக்கத் தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பழைய கிளேயை நான் தூக்கி எறிவதில்லை; சக்கரம் துடைக்க ஆகும் என்று டப்பாவில் போட்டு வைப்பேன். மூடியைத் திறந்தேன். சாம்பல் நிறக் கட்டிக்குள் நீலப் புள்ளிகள், கசகசா தூவினது போல.

டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, சனி

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோமதியக்காதான் கூட்டிப்போனாள், ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. ஆரஞ்சுப் பழம் வேறு வாங்கியிருந்தேன். என்ன வெட்கங்கெட்ட பழம்.

சண்முகக்கனி என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். உப்பில் வெந்து வெளுத்த பாதம் ஒன்று போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் போர்வை பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது.

"கார் நின்னுச்சு," என்றாள் அவள், நான் கேட்காமலேயே. எல்லோரிடமும் அதையே சொல்கிறாளாம். "அடிச்சிட்டு நின்னுச்சு. கதவத் தொறந்து ஒரு ஆளு எறங்குனான். நான் கையத் தூக்குனேன். அவன் என்னைப் பாக்கல, வண்டிய குனிஞ்சு பாத்தான். பாத்துட்டு ஏறிப் போயிட்டான்."

கோமதியக்கா சுடுதண்ணீர் பிடிக்கப் போனாள். நான் சொன்னேன். முழுதும் சொன்னேன். எந்த வண்டி, யாருடையது, யார் கழுவினான், யார் தேய்த்தது என்று.

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

"தொடைக்கும்போது தெரியாதா ஒனக்கு?"

"தெரியாதுக்கா. சத்தியமா."

"பெறவு தெரிஞ்சு எத்தன நாளாச்சு?"

மனதுக்குள் எண்ணினேன். திங்கட்கிழமையிலிருந்து ஐந்து நாள். புதன்கிழமையிலிருந்து மூன்று நாள். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. எனக்கு அழுகை வந்தது.

"எங்கிட்ட அழாத," என்றாள். "அழுறதுக்கு எனக்கே ஆளு இருக்கு. போயி சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு. பழத்த எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 20, திங்கள்

போலீஸ் ஸ்டேஷன். காலை பத்து மணிக்குப் போனவளை ஒன்றரை மணிக்குத்தான் எஸ்.ஐ. கூப்பிட்டார். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, மாவு?"

விளக்கினேன். துரைசிங் என்ற பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சுதான் பேசுதியா? நீயேதான் அழிச்சன்னு எழுதிக் குடுத்தா ஒம்மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும் சார். எழுதிக்கோங்க."

"எழுதிட்டா அழிக்க முடியாது."

"எனக்கு இனிமே எதையும் அழிக்க வேண்டாம் சார்."

பேனாவைத் திறந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: உன் வீட்டுக்காரனுக்குத் தெரியுமா? நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 21, செவ்வாய்

அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். காலையில் கடைக்கு வரும்போது வண்டி வாசலில் நின்றது, யார் விட்டது என்று தெரியாது, கழுவும்போது ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

அவனுடைய அண்ணன் வந்து என்னிடம், "புருசனக் காட்டிக் குடுக்குத பொம்பளய இப்பதான் பாக்கேன்" என்றார். வாசலிலேயே நிறுத்தி, "பாத்துட்டியள்லா, போங்க" என்றேன்.

மார்ச் 23, வியாழன்

வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்த இடம் என்று காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், பக்கத்தில் வக்கீலுடன் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கம்மா இருக்கு?" என்றார் எஸ்.ஐ.

காட்டினேன். அவர் குனிந்தார். ஏட்டு குனிந்தார். மட்கார்டில் அவர்கள் முகம்தான் தெரிந்தது. ஏட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"நீயே சொல்லு, எப்சிபா," என்றார் அண்ணாச்சி. "இதுல ஒரு கீறல் இருக்கா?"

என் வேலையை நான் இவ்வளவு வெறுத்ததில்லை. ஒரு இடத்திலாவது கை தவறியிருக்கக் கூடாதா? ஓர் ஓரத்தையாவது சோம்பல்பட்டு விட்டிருக்கக் கூடாதா?

பையிலிருந்து பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பெயிண்ட்மேல் வைத்தால் எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று சொல்லும். ஏட்டையே பிடிக்கச் சொன்னேன். பானட்டில் நூற்றிருபது. வலது மட்கார்டில் நூற்றுப்பத்தொன்பது. கதவில் நூற்றிருபத்தொன்று. இடது மட்கார்டில் நான் காட்டின இடத்தில் வைத்தார். தொண்ணூற்றெட்டு. ஒரு சாண் தள்ளி வைத்தார். நூற்றிருபது.

"பாலிஷ் போட்டா கொறையத்தான் செய்யும்," என்றார் வக்கீல்.

"பாலிஷ் வண்டி பூராவும்தான் போட்டேன், சார். இங்க மட்டும் ஏன் கொறஞ்சிருக்கு? உப்புத்தாள் போட்டு எடுத்தேன். இடது பக்கம் ஒன்னும் தெரியக் கூடாதுன்னு அண்ணாச்சி போன்ல சொன்னாவ. எத்தன தடவை போன் வந்துச்சுன்னு போன் கம்பெனிக்காரன்ட்ட கேளுங்க, சொல்லுவான்."

அண்ணாச்சியின் சிரிப்பு போய்விட்டது. "எடத்தக் காலி பண்ணிரு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். "சாட்சிய எங்க முன்னாலயே மெரட்டுதியளா, அண்ணாச்சி?" என்றார். அந்த மனிதர்மேல் இருந்த கோபத்தில் கால்வாசி குறைந்தது. மட்கார்டைக் கழற்றி உள்பக்கம் பார்க்கவும், கிளேயில் உள்ள நீலத்தைச் சைக்கிளோடு ஒப்பிடவும் தடயவியல் ஆட்கள் வருவார்களாம்.

மார்ச் 25, சனி

முதல் பார்வைக்கு நீலம் சைக்கிளோடு பொருந்துகிறது என்றார்கள், முழு அறிக்கை பிறகு வருமாம். துள்ளிக் குதிக்க வேண்டிய நாள். அதற்குள் அண்ணாச்சியின் டிரைவர் லாரன்ஸ், நான்தான் ஓட்டினேன் என்று சரணடைந்துவிட்டான்.

லாரன்சுக்கு இரண்டு பெண் குழந்தைகள். என்ன சொல்லி அனுப்பினார்களோ. ஒரு வண்டியைத் துடைப்பது போல இப்போது ஒரு மனிதனை வைத்துத் துடைக்கிறார்கள். பாத்திரம் கழுவும்போது கைப்பிடிக்குள் ஒரு தம்ளர் நசுங்கிவிட்டது. எனக்குள் இத்தனை பலம் இருப்பது தெரியாது.

மார்ச் 27, திங்கள்

கடையைக் காலி செய்துகொண்டிருந்தேன். மெஷின்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவன் வந்து வாசலில் நின்றான். தாடி. அண்ணன் சட்டை.

"லாரன்ஸ் அன்னைக்கு ஊர்லயே இல்ல, எப்சி. பிள்ளைக்கு மொட்ட போட வேளாங்கண்ணிக்குப் போயிருந்தான்."

"அத எங்கிட்ட ஏன் சொல்லுத?"

ஒன்பது வருடத்தில் அவனை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்தோம்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றான்.

"சண்முகக்கனி கையத் தூக்கிக் கூப்பிட்டிருக்கா, ஒரு மனுசன் எறங்கி வண்டியப் பாத்துட்டுப் போயிட்டான். அவளுக்குப் பயமா இருந்திருக்காதா? எனக்கு இல்லையா? ஒருத்தருக்கும் இல்லாத பயம் ஒனக்கு மட்டும் வந்துட்டோ?"

அவன் உள்ளே வந்து, பெரிய கம்ப்ரஸரின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். தனியாகத் தூக்க முடியாதது அது. பிடிக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

மார்ச் 29, புதன்

காலை ஒன்பது மணிக்கு எஸ்.ஐ. போன் செய்தார். ஆசீர் தானாக ஸ்டேஷனுக்கு வந்து, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். முன்னால் சொன்னது பொய் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

கோர்ட்டுக்குப் போனேன். அவனுக்காகப் போகவில்லை. சரியாகச் சொல்கிறானா என்று தெரிய வேண்டியிருந்தது. உள்ளே விடவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் நின்றேன். பக்கத்தில் கோமதியக்கா. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சுடுதண்ணீரோடு திரும்பி வந்தவளிடம் சண்முகக்கனியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து என்னிடம் பேசாதவள் இன்று வந்து பக்கத்தில் நின்றாள். இன்னும் பேசவில்லைதான். ஆனால் நின்றாள்.

அவன் வெளியே வந்தான். நேராகக் கோமதியக்காவிடம் போனான்.

"யக்கா, அன்னைக்குக் காலையில வண்டிய ஓட்டிட்டு வந்தது அண்ணாச்சின்னு சொல்லிட்டேன். சேலைத் துணியப் பாத்ததையும் சொல்லிட்டேன். நான் கழுவுனதையும் சொல்லிட்டேன்."

கோமதியக்கா அவனைப் பளாரென்று அறைந்தாள். கோர்ட் வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கன்னத்தைத் தடவவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள், சண்முகக்கனியிடம் சொல்ல.

மார்ச் 31, வெள்ளி

லாரன்சை விட்டுவிட்டார்கள், பொய் சொன்னதற்குத் தனி வழக்கோடு. துரைசிங்கை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், வாசலில் போலீஸ் காவல். என்மேல் இப்போதைக்கு வழக்கு இல்லை, சாட்சி. அவன்மேல் இருக்கிறது, தடயத்தை அழித்தது என்று. இன்று ஜாமீன் கிடைத்தது.

ஜாமீனுக்கு அவனுடைய அண்ணன் வரவில்லை. நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடும்போதும் கோபம்தான். போட்ட பிறகும் கோபம்தான். இது இந்த மாதத்தோடு, இந்த வருடத்தோடு போகிற கோபம் இல்லை. சண்முகக்கனிக்கு வழக்கு ஜெயித்தாலும் கால் முளைக்காது. நான் எத்தனை வண்டிக்கு மெஷின் பிடித்தாலும், தண்ணீர் தெளித்துக் கொடுத்த அந்தக் கை ஞாபகம் வராமல் இருக்காது.

ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவன் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். எங்கே போவது என்று தெரியாத நிற்பு.

"வீட்டுக்கு வரவா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியான காரணங்கள்தான்.

"ஏறு," என்றேன். "பேசாத."

பின்னால் உட்கார்ந்தான். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வான். இன்று கையைப் பின்னால் கொண்டுபோய் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வீடு வரும்வரை அதை விடவில்லை. நானும் தோளைப் பிடி என்று சொல்லவில்லை. பள்ளம் வந்த இடங்களில் மட்டும் மெதுவாக ஓட்டினேன்.